சங்கவியின் செயின்

நட்டை முறுக்கி முடித்த பிறகு இன்னொரு தடவை முறுக்கிப் பார்ப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர். சுபிதா அப்படி முறுக்கிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவி, ஈரம் துடைத்து, படியிறங்கிப் பாதி தூரம் போய், அங்கிருந்து திரும்பி வந்து மறுபடி முறுக்குகிற ஜாதி. அதனாலேயே போர்ட் பிளேரில் பந்தய சைக்கிள் வைத்திருந்த கொஞ்சம் பேரும் தங்கள் வண்டிகளை அவளிடம் கொண்டுவந்து விட்டார்கள். அவள் கைபட்ட வண்டியில் எதுவும் கழன்று விழாது என்பது அவர்கள் கணக்கு. கழன்றுவிடுமோ என்பது அவள் கவலை.

இடம் அவளுடைய அப்பா கிளமெண்டின் பட்டறை. குட்வில் எஸ்டேட் பக்கம், தகரக் கூரை போட்டது. அப்பா மீன்பிடி போட்டுகளின் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கும் மூலைக்கு எதிர்மூலையில் அவளுக்கென்று ஒரு ஸ்டாண்டு. உப்புக் காற்று தீவில் எந்த இரும்பையும் சும்மா விடாது. மெயின்லேண்டில் ஒரு வருஷம் தாங்குகிற செயின் இங்கே மழைக்காலத்தில் செம்பழுப்பாகிவிடும். ஆகவே அவள் செயின்களைக் கழற்றி, அப்பாவின் டீசல் தட்டில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, உலர்த்தி, எண்ணெய் விட்டு மாட்டுவாள். பகலில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை, மாலையில் கணினிக் கணக்கு வகுப்பு, அதற்கு முன்னும் பின்னும் சைக்கிள் என்று அவள் நாள் ஓடியது.

அந்த மாலை வகுப்பில்தான் சங்கவி பழக்கமானாள். டெலானிபூர் குவார்ட்டர்ஸ்காரி. அப்பா ஜெகநாதன் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சங்கவி உயரம், நல்ல பலம், வாய் அதைவிடப் பலம். சைக்கிள் ஓட்டத் தெரியும், துடைக்கத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே சைக்கிள் கழகத்தின் பேரில் ஓட்டினார்கள். சங்கவி முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போவாள், சுபிதா அவள் பின்சக்கரத்தை ஒட்டிப் போவாள். தட்டையான சாலையில் சங்கவியை யாரும் பிடிக்க முடியாது. ஏற்றத்தில் மட்டும் சுபிதா கொஞ்சம் இலேசு. ஆனால் ஏற்றத்திலும் அவள் பின்னாலேயே இருந்துவிடுவாள். முந்தியதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் மற்றதைப் போலில்லை. ஜெயிக்கும் பெண்ணையும் ஜெயிக்கும் ஆணையும் சென்னைப் பந்தயத்துக்கு அனுப்புவதாகக் கழகம் அறிவித்திருந்தது. சுபிதா பிறந்தது தீவில். எந்தச் சாலையில் போனாலும் கடைசியில் கடல் வந்து நிற்கும், வண்டியைத் திருப்ப வேண்டும். திருப்ப வேண்டிய அவசியமே இல்லாத ஒரு சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. சங்கவி ஜெயிப்பாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது சொல்வதற்கு அது பொருத்தமான விஷயமாகவும் இல்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் சங்கவியின் செயினைக் கழுவி, இரு முனைகளையும் பூட்டும் செயின் லாக்கைப் போட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தபோது சங்கவி பட்டறை வாசலில் சாய்ந்து நின்று மிக்ஸர் தின்றுகொண்டிருந்தாள்.

"லாக் சரியா விழுந்துச்சா?"

"விழுந்த மாதிரிதான் இருக்கு."

"மாதிரியா?"

"இல்ல, விழுந்துருச்சு. அப்படித்தான் நினைக்கிறேன்."

"நீ மட்டும் டாக்டரா ஆகியிருந்தா, ஆபரேஷன் முடிஞ்சு கண்ண முழிச்ச பேஷண்ட் உன் மூஞ்சியப் பாத்தே போய்ச் சேந்துருவான்டி."

எதிர்மூலையிலிருந்து கிளமெண்ட் சிரித்தார். சுபிதாவும் சிரித்தாள். சங்கவி போன பிறகு லாக்கை மறுபடி அமுக்கிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அப்படித்தான் தெரிந்தது.

டெலானிபூர் ஏற்றத்தின் உச்சியில்தான் தொடக்கமும் முடிவும். அங்கிருந்து இறங்கி, ஊரைத் தாண்டி, கடலோரமாகவே சிடியா டாப்பு வரை போய், திரும்பி வந்து அதே ஏற்றத்தில் ஏறி முடிக்க வேண்டும். நடுவர் கிருஷ்ணமூர்த்தி மின்துறையில் வேலை பார்ப்பவர். விடிந்தும் விடியாமலும் எல்லோரையும் நிற்கவைத்து விதிகளை வாசித்தார். சைக்கிளில் கட்டியிருக்கும் எண்ணை வைத்துத்தான் முடிவு எழுதப்படும், முதுகில் குத்தியிருக்கும் எண் போட்டோக்காரருக்காக என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. மைக் பிடித்த பிரவீன்குமார் "சலோ, சலோ" என்று கத்த, ஆண்கள் கூட்டம் இரைந்துகொண்டு இறங்கியது. அதன்பின் பெண்கள். பெயர் கொடுத்த சிலரில் நிஜமாக ஓட்டக்கூடியவர்கள் மூன்று பேர்: சங்கவி, சுபிதா, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஷோபனா அக்கா.

போகும்போது எதிர்காற்று. சங்கவி முன்னால், சுபிதா அவள் சக்கரத்துக்குப் பின்னால். ஷோபனா அக்கா வெகு சீக்கிரம் கண்ணுக்குத் தெரியாமல் போனார். திரும்பும் இடத்தில் வைத்திருந்த கூம்பைச் சுற்றி வளைத்தபோது, காற்று இப்போது முதுகிலிருந்து வருவதையும், தன் கால்களில் இன்னும் நிறைய மிச்சம் இருப்பதையும் சுபிதா உணர்ந்தாள். முன்னால் போகிறவள் காற்றை வாங்கிக்கொண்டதால் வந்த மிச்சம் அது. டெலானிபூர் ஏற்றம் வந்தால் இவளை முந்திவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே, இப்படி நினைப்பது சரியா என்ற இன்னொரு நினைப்பும் அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தது.

ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், ஒரு சின்ன மேட்டில் சங்கவி பெடல் மீது எழுந்து நின்று ஒரு மிதி மிதித்தாள். டப்பென்று ஒரு சத்தம். அவள் கால் காற்றில் சுழன்றது. செயின் அவிழ்ந்து சாலையில் விழுந்து, சுபிதாவின் முன்சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியது.

தாண்டிப் போயிருக்கலாம். பந்தயம் என்றால் அதுதான். ஆனால் சுபிதா பிரேக் பிடித்துவிட்டாள். அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: லாக் விட்டுவிட்டது. நேற்று நான் போட்ட லாக்.

"லாக் விட்ருச்சு. என் தப்பு" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். "இந்தா, இத எடுத்துக்கிட்டுப் போ."

சங்கவி அவளையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்தாள். "என்னடி சொல்ற? பைத்தியமா உனக்கு?"

"போடின்னா. ஷோபனாக்கா வந்துருவாங்க."

சங்கவி ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஏறிப் போயே விட்டாள். சுபிதாவின் வண்டி அவள் உயரத்துக்குச் சின்னது. முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க, வளைவில் திரும்பி மறைந்தாள்.

சுபிதா செயினைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஓரமாகக் குந்தினாள். முதலில் லாக்கைத் தேடினாள். லாக் இருந்தது. பூட்டியது பூட்டியபடி, அசைக்க முடியாமல், அழகாக இருந்தது. அறுந்தது வேறொரு இடத்தில். ஒரு கண்ணியின் பக்கத் தகடு குறுக்கே பிளந்திருந்தது. பிளவின் பாதி பழைய கருப்பு, பாதி புது வெள்ளை.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் என் தப்பு இல்லை. அப்படியானால் சைக்கிளை ஏன் கொடுத்தேன்? இல்லை, இரு. பழைய விரிசல் கருப்பாக இருக்கிறதே, நேற்றுக் கழுவும்போதே இருந்திருக்கும். அதைப் பார்க்காமல் விட்டது யார் தப்பு? என் தப்புதான். ஆனால் அவ்வளவு மெல்லிய விரிசல் யார் கண்ணுக்குத் தெரியும்? கண்ணுக்குத் தெரியாததற்காக யாராவது ஜெயிக்கிற பந்தயத்தைத் தூக்கிக் கொடுப்பார்களா?

பதில் கிடைக்காததால் கை தன்போக்கில் வேலை பார்க்கத் தொடங்கியது. இடுப்புப் பையிலிருந்து செயின் கட்டரை எடுத்து, பிளந்த கண்ணியைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைச் சேர்த்து, கண்ணிகளைக் கோக்கும் ஊசியை அளவாக உள்ளே ஏற்றினாள். இரண்டு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் தடவினாள். மடக்கி மடக்கி, விறைப்பு போகும்வரை ஆட்டினாள்.

"என்ன சுபி, பஞ்சரா?" ஷோபனா அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே கடந்தார்.

"இல்லக்கா. செயின்."

"அச்சச்சோ. அப்ப நான் வரட்டா?"

"வாங்கக்கா… போங்கக்கா."

சங்கவியின் சீட் உயரம். சுபிதாவின் கால்விரல் நுனி மட்டுமே பெடலைத் தொட்டது. இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. மெதுவாக ஊர் வழியாக வந்து, டெலானிபூர் ஏற்றத்தின் அடியில் இறங்கிவிட்டாள். வழியில் சேர்த்த ஊசி ஏற்றத்தின் பாரத்தைத் தாங்குமா என்று ஒரு யோசனை. ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

உச்சியில் மைக் அலறிக்கொண்டிருந்தது.

"மகளிர் பிரிவில் முதலிடம், சுபிதா கிளமெண்ட்! பதாயி ஹோ, வாழ்த்துகள்!"

தன் பெயரைக் கேட்டபடி, தலை கலைந்து, இன்னொருத்தியின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுபிதா முடிவுக் கோட்டைத் தாண்டினாள். உடனே பிரவீன்குமார், "மூன்றாம் இடம், சங்கவி ஜெகநாதன்!" என்றான். பந்தலின் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சங்கவிக்குப் புரையேறியது.

"அரே பையா, நான் இங்க இருக்கேன்!"

"அப்ப அது யாரு?"

"அவதான் சுபிதா."

பிரவீன்குமார் மைக்கை வாயிலிருந்து எடுத்தான். கூட்டம் சேர்ந்துவிட்டது. கிருஷ்ணமூர்த்தி கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, நடந்ததை ஒருவரிடமிருந்து கேட்டு, இன்னொருவரிடமிருந்து மறுபடி கேட்டார். வண்டி எண்படி சுபிதா முதல். ஓட்டி வந்தது சங்கவி. ஒருவர் வண்டியை ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று விதியில் இல்லை. கொடுத்தால் என்ன செய்வது என்றும் இல்லை.

"இதுல என்ன குழப்பம்?" என்று ஜெகநாதன் முன்னால் வந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் சட்டைப்பையில் பேனா. "காலையில வாசிச்சீங்களா இல்லியா? சைக்கிள் நம்பர்தான்னு. வாசிச்ச ரூலை இப்ப மாத்த முடியாது. மாத்தினா நாளைக்கு யார் வேணா ஆட்சேபணை எழுப்பலாம். ரூல் ரூல்தான்."

"சார்," கிருஷ்ணமூர்த்தி தயங்கினார், "ரூல்படி பாத்தா உங்க பொண்ணு தோத்துருதே."

ஜெகநாதன் சட்டைப்பைப் பேனாவைத் தொட்டுப் பார்த்தார். "அது… ரூல் ரூல்தானே" என்றார், கொஞ்சம் இறங்கிய குரலில்.

"அப்பா!" என்றாள் சங்கவி.

"அதெப்பிடி சார்?" என்று கிளமெண்ட் கிளம்பினார். கையில் கிரீஸ் இன்னும் இருந்தது. "எங்க கடல்ல பங்கு வைக்கும்போது வள்ளத்துக்கு ஒரு பங்கு உண்டு, இல்லங்கல. ஆனா வள்ளமா போய் மீனப் பிடிச்சிச்சி? இழுத்தவன் கைதான பிடிச்சிச்சி? மிதிச்சது இந்தப் பிள்ள. செயிச்சதும் இந்தப் பிள்ளதான்."

"அண்ணே, உங்க பொண்ணுக்கு எதிரா நீங்களே பேசுறீங்களே" என்று யாரோ சொன்னார்கள்.

"நியாயம்னா நியாயம்தான?" என்று சொல்லிவிட்டு, கிளமெண்ட் மகளைத் திரும்பிப் பார்த்தார். "என்னட்டி, நான் சொல்லது சரிதான?"

அப்பா சொன்னது சரிதான். சங்கவியின் அப்பா சொன்னதும் சரியாகவே பட்டது. சுபிதா இரண்டுக்கும் தலையை ஆட்டினாள்.

ஷோபனா அக்கா கூட்டத்தில் புகுந்தார். "ரெண்டு பேரையும் கழிச்சிட்டா நான்தான் ஃபர்ஸ்ட், தெரியுமில்ல?" எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அக்கா அவர்கள் முகங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "பயப்படாதீங்க. எனக்கு லீவு எவன் குடுப்பான்? கழிச்சிராதீங்க சார், அப்புறம் நான் மெயின்லேண்ட் போகணும்னா வீட்ல மாமியாரு கேள்வி கேப்பாங்க."

கிருஷ்ணமூர்த்தி சிரிக்கவில்லை. இரண்டு பெண்களையும் தனியே அழைத்தார். "நீங்களே சொல்லுங்கம்மா. யார் ஜெயிச்சது? நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா சொல்றத நான் எழுதிக்கறேன்."

"தெரியல சார்" என்றாள் சுபிதா.

"ஓட்டுனது நான்" என்றாள் சங்கவி. "ஆனா அவ நிக்கலன்னா நான் அங்கயே உக்காந்திருப்பேன். எனக்கும் தெரியல." பிறகு சுபிதாவின் கையைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். "ஏன்டி குடுத்த?"

"லாக் விட்ருச்சுன்னு நினைச்சேன்."

"விட்டுச்சா?"

"இல்ல. வேற எடத்துல தகடு பிளந்திருக்கு."

"அப்ப உன் தப்பு இல்லியே."

"விரிசலப் பாக்காம விட்டது…"

"ஐயோ, நிறுத்துடி!" சங்கவியின் முகம் சிவந்திருந்தது. "நீ தாண்டிப் போயிருந்தா இந்நேரம் நீதான் ஃபர்ஸ்ட். எதுக்கு இறங்குன? பாவம்னா? பயமா? ஒண்ணு கேக்கிறேன், ஒழுங்கா சொல்லு. உனக்குச் சென்னை போகணுமா வேணாமா?"

சுபிதா காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். இறங்கியது ஏன் என்ற கேள்விக்கு அவளிடம் மூன்று பதில்கள் இருந்தன, மூன்றும் ஒன்றையொன்று நம்பவில்லை. ஆனால் கடைசிக் கேள்விக்கு ஒன்றுதான் இருந்தது.

"போகணும்."

அந்தச் சொல்லைச் சங்கவி எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. "அப்படியா?" என்றாள். "எனக்குந்தான் போகணும். அப்ப ஓட்டிப் பாத்துருவோம். இந்த ஏத்தம் மட்டும். நீ உன் வண்டி, நான் என் வண்டி."

கிருஷ்ணமூர்த்திக்கு இது பிடித்துவிட்டது. போலீஸ்காரரிடம் கெஞ்சி, சாலையை இன்னும் கொஞ்ச நேரம் மறித்துவைக்கச் சொன்னார். சர்ச்சிலிருந்து ஜனம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார் போலீஸ்காரர்.

இருவரும் அடிவாரத்துக்கு இறங்கிப் போனார்கள். சுபிதாவின் வண்டி அவளிடம் திரும்பி வந்திருந்தது. சீட் அவள் காலுக்குச் சரியாக இருந்தது. பக்கத்தில் சங்கவி தன் வண்டியின் செயினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குனிந்து பார்த்து சுபிதா பார்த்ததே இல்லை.

"இதுவா சேத்த எடம்?"

"ஆமா."

"பிடிக்குமா?"

சுபிதாவுக்குத் தெரியும். இந்த ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும். ஊசி இரண்டு பக்கமும் சமமாக இருந்தது, இப்போது மறுபடி தடவிய நகம் சொன்னது. "பிடிக்கும்" என்றாள்.

சங்கவி நிமிர்ந்தாள். "பிடிக்குமா, பிடிக்கும்னு நினைக்கிறியா?"

"பிடிக்கும்டி."

"அப்ப நீ ஏன் மேல வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்த?"

சீட் உயரம், கால் எட்டவில்லை என்பது நிஜம். ஆனால் முழு நிஜமில்லை. ஏற்றத்தின் அடியில் வந்த அந்த யோசனையை இப்போது எப்படிச் சொல்வது? சொன்னால் இவள் பயந்துபோவாள், பயந்தால் தோற்பாள். சொல்லாவிட்டால் மறைத்ததாகும். சொல்லி ஜெயிப்பது ஏமாற்றா, சொல்லாமல் ஜெயிப்பது ஏமாற்றா?

"சீட் எட்டல" என்றாள்.

சங்கவி தலையாட்டினாள். மேலிருந்து விசில் கேட்டது.

டெலானிபூர் ஏற்றம் முதலில் சாதுவாகத் தொடங்கி, வளைவில் திடீரென்று சுயரூபம் காட்டும். ஒரு பக்கம் அரசுக் குவார்ட்டர்ஸ் வரிசை, மாடிகளில் பல் விளக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பவர்கள். தொடக்கத்தில் வழக்கம்போல சங்கவி முன்னால் போனாள், சுபிதா அவள் பின்சக்கரத்தில். வளைவு வந்தது. இங்கேதான் சங்கவி எழுந்து நிற்பாள். எப்போதும் இங்கேதான். எழுந்து நின்று, வண்டியை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து, தன் உடம்பு முழுவதையும் பெடலில் இறக்கிப் போய்விடுவாள். அந்த நேரத்தில் அவளோடு ஒட்டிக்கொண்டால் போதும் என்று சுபிதா கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

சங்கவி எழுந்தாள். செயினில் ஏதோ ஒரு சின்ன 'டிக்' கேட்டது. கியர் மாறும் சத்தமாக இருக்கலாம். சங்கவி உடனே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எழவேயில்லை. உட்கார்ந்தபடியே, முட்டையைச் சுமந்து போகிறவள் மாதிரி, மெத்தென்று மிதித்துக்கொண்டு போனாள். ஒருமுறை குனிந்து கால்களுக்கிடையே செயினைப் பார்த்தாள். சுபிதா காத்திருந்தாள். இப்போது எழுவாள், இப்போது எழுவாள் என்று அவள் முதுகையே பார்த்தபடி காத்திருந்தாள். எழுடி என்று கத்தக்கூடத் தோன்றியது. எதிராளியை எழுந்து ஓட்டு என்று யாராவது கத்துவார்களா? மேலே பந்தலின் துணி தெரிந்தது. அதற்குமேல் அவள் கால்கள் அவளைக் கேட்கவில்லை. வலப்பக்கமாக விலகி, சங்கவியைத் தாண்டி, வாழ்க்கையில் முதல்முறையாக முன்னால் வெறும் சாலை இருக்க, உச்சி வரை போனாள்.

இந்தத் தடவை மைக்கில் வந்த பெயரும் வண்டியும் ஆளும் ஒன்றாகவே இருந்தன. இருந்தாலும் பிரவீன்குமார் எதற்கும் முதுகு எண்ணையும் பார்த்துக்கொண்டான். கைதட்டினார்கள். கிளமெண்ட் கிரீஸ் கையோடு கட்டிக்கொண்டார். கிருஷ்ணமூர்த்தி எழுதி, அடிக்கோடு போட்டார்.

சங்கவி வந்து நின்றாள். சுபிதா அவளிடம் ஓடினாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"செயின் பிடிச்சுதா?"

"பிடிச்சுது." சங்கவி சிரிக்கப் பார்த்தாள். "நான்தான் பிடிக்காதோ பிடிக்காதோன்னு… உன் வியாதி எனக்கு ஒட்டிக்கிச்சுடி. ரெண்டு வருஷமா பக்கத்துல உக்காந்ததுல." சிரிப்பு பாதியில் நின்றது. அவள் சைக்கிளைப் பந்தல் கம்பத்தில் சாய்த்தாள். "இதுல இனி நான் வீட்டுக்குக்கூடப் போகமாட்டேன்ப்பா. நீயே பாத்து ஏதாவது பண்ணிக் கொண்டுவந்து விடு."

ஜெகநாதனின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா, களைப்பா, சுபிதாவுக்கு விளங்கவில்லை.

கிளமெண்ட் மகளின் சைக்கிளைத் தன் பிக்கப்பில் ஏற்றினார். சங்கவியின் வண்டிக்கும் கை நீட்டினார்.

"இது வேண்டாம்ப்பா. நான் ஓட்டிப் பாக்கணும்."

"இன்னுமா ஓட்டப் போற? நீதான செயிச்சிட்ட?"

"அதான்ப்பா பாக்கணும்."

கிளமெண்டுக்கு அது புரிந்ததோ இல்லையோ, வண்டியிலேயே உட்கார்ந்து காத்திருந்தார். சுபிதா சீட்டைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். அடிவாரம்வரை இறங்கிப் போய்த் திரும்பினாள். சாலையைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஒரு ஆட்டோ அவளை ஒதுக்கிப் போனது. வளைவு வந்ததும் எழுந்து நின்றாள். சங்கவி மிதிப்பதைப்போலவே, வண்டியை இடமும் வலமும் சாய்த்து, தன் எடை முழுவதையும், அதற்குமேல் கை பலத்தையும் சேர்த்து மிதித்தாள். அறுந்துபோ, அறுந்துபோ என்று அவளுக்குள் ஏதோ கேட்டுக்கொண்டது. அறுந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும்! அறுந்துவிட்டால் சங்கவி எழாமல் இருந்தது சரி, தான் ஜெயித்தது சரி, எல்லாம் சரி.

செயின் அறுந்துபோகவில்லை. அவள் மறுபடி இறங்கிப் போய் இன்னொரு முறை ஏறினாள். அப்போதும் அறுந்துபோகவில்லை. அந்த 'டிக்' இரண்டு தடவையும் வந்தது. கியர் கம்பியில்தான் வந்தது, செயினில் இல்லை.

"பிடிச்சுதாட்டி?" என்றார் கிளமெண்ட்.

"பிடிக்குதுப்பா" என்றாள், யாரோ திட்டியது போன்ற முகத்துடன்.

சங்கவியின் குவார்ட்டர்ஸ் பக்கத்துச் சந்தில்தான். சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். சொன்னால், நீ எழுந்து நின்றிருந்தால் ஜெயித்திருப்பாய் என்று அர்த்தம். சொல்லாவிட்டால், இனி அவள் எந்தச் செயினை நம்பி எழுந்து நிற்பாள்? வாசல் கேட்டை அடைவதற்குள் முடிவு செய்துவிடலாம் என்று நினைத்தாள். கேட்டை அடைந்தபோது, சங்கவி குளித்து ஈரத்தலையோடு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஓட்டிப் பாத்தேன்."

"பிடிச்சுதா?"

"பிடிச்சுது. எழுந்து நின்னு ரெண்டு தடவ ஏறுனேன்."

சங்கவி தலைமுடியைப் பிழிந்தாள். "அப்ப நான் ஜெயிச்சிருப்பேன்."

"ஜெயிச்சிருக்கலாம்."

"கலாமா?"

"ஜெயிச்சிருப்ப" என்றாள் சுபிதா. "சீட் எட்டலன்னு சொன்னேன்ல. அது மட்டும் இல்ல. எனக்கும் அப்ப அது தாங்குமான்னு தெரியல. அதான் தள்ளிக்கிட்டு வந்தேன். கீழ நீ கேட்டப்ப தெரிஞ்சுருந்துச்சு. முன்னாடி தெரியல."

"என்னடி கண்றாவி இது" என்றாள் சங்கவி மெதுவாக. உள்ளேயிருந்து அவள் அம்மா அலமு, சோறு ஆறுது, யார் வந்திருந்தாலும் உள்ளே வரச்சொல் என்று குரல் கொடுத்தாள். சங்கவி சைக்கிளையே பார்த்தாள். "என் சீட்ட ஏன் இறக்கின?"

"எட்டலன்னு… இரு, ஏத்திடறேன்."

சுபிதா குனிந்து ஸ்பேனர் சாவியைப் போட்டு நட்டைத் தளர்த்தி, சீட்டைப் பழைய கோடு தெரியும்வரை உயர்த்தினாள். முறுக்கப் போனபோது சங்கவியின் கை குறுக்கே வந்தது.

"குடு. நானே முறுக்கிக்கிறேன்."

"உனக்கு…"

"குடுடின்னா."

சுபிதா சாவியைக் கொடுத்தாள். சங்கவி நாக்கைக் கடித்துக்கொண்டு, தப்பான பக்கம் ஒரு திருப்பு திருப்பி, பிறகு சரியான பக்கம் மாற்றி, தன் பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினாள். சென்னையில் வெயில் எப்படி இருக்கும், எந்தத் தேதியில் கிளம்பணும் என்று முறுக்கிக்கொண்டே கேட்டாள். குரலில் கோபம் இருந்ததா என்று சுபிதா கூர்ந்து கேட்டாள். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

சீட் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. சுபிதா அதைப் பார்த்துவிட்டாள். சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல், இரண்டு கைகளையும் என்ன செய்வதென்றும் தெரியாமல், நின்றுகொண்டிருந்தாள்.